எவரெஸ்ட் (2015): இரண்டு மணி என்றால் இரண்டு மணி

2015-இல் 'எவரெஸ்ட்' படம் வந்தபோது தியேட்டரில் முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு மணி நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை. பனிப்பிளவின் மேல் கட்டிய அலுமினிய ஏணியில் ஒருவர் கால் வைக்கும்போது என் கால் கூசியது. ஆனா படம் முடிஞ்சு வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, ராத்திரி டிபனுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்னு யோசிச்சிட்டு இருந்தேன். எட்டுப் பேர் உண்மையிலேயே செத்துப்போன கதை. எனக்குள் எதுவும் ஆகவில்லை.

அது என் கோளாறோ என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஜான் க்ராக்கவர் 1997-இல் எழுதிய 'இன்டு தின் ஏர்' புத்தகத்தைப் படித்தேன். அதே மலை, அதே நாள், அதே ஆட்கள். அந்தப் புத்தகம் பல நாள் தூங்கவிடவில்லை. போன மாதம் படத்தை மறுபடி பார்த்தேன், இந்த முறை குறிப்பு எடுத்துக்கொண்டு. கோளாறு என்னிடம் மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு. கதை தெரிந்துவிடுமே என்று கவலைப்படுபவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நடந்தது என்ன

1996 மே 10. எவரெஸ்ட்டின் நேபாளப் பக்கம். காசு கொடுத்து வருபவர்களை வழிகாட்டி உச்சிக்கு ஏற்றிவிடும் இரண்டு நிறுவனங்கள் ஒரே நாளில் மேலே கிளம்புகின்றன. ஒன்று நியூசிலாந்துக்காரர் ராப் ஹாலுடையது. இன்னொன்று அமெரிக்கர் ஸ்காட் ஃபிஷருடையது. ஹால் 1990 முதல் 1995 வரை 39 பேரை உச்சியில் நிறுத்திக் காட்டியவர். கட்டணம் ஆளுக்குச் சுமார் 65,000 டாலர். க்ராக்கவர் ஒரு பத்திரிகைக்காகக் கட்டுரை எழுத ஹாலின் அணியில் போனவர்.

அன்று சாயங்காலம் புயல் வந்தது. ஹாலின் அணியில் நாலு பேர் செத்தார்கள்: ஹால், அவருடைய உதவி வழிகாட்டி ஆண்டி ஹாரிஸ், வாடிக்கையாளர்கள் டக் ஹான்சன், யாசுகோ நம்பா. மற்ற அணியில் ஃபிஷர். செத்துவிட்டார் என்று விடப்பட்ட பெக் வெதர்ஸ் என்ற டெக்சாஸ் டாக்டர், மறுநாள் தானே எழுந்து நடந்து முகாமுக்கு வந்தார். மலையின் மறுபக்கத்தில், திபெத் வழியாக ஏறிய மூன்று இந்தியர்களும் அதே புயலில் செத்தார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். படம் சொல்லவில்லை.

இயக்குநர் பால்டசார் கொர்மாகுர், ஐஸ்லாந்துக்காரர். ஹாலாக ஜேசன் கிளார்க், வெதர்ஸாக ஜாஷ் ப்ரோலின், ஃபிஷராக ஜேக் ஜில்லென்ஹால், ஹான்சனாக ஜான் ஹாக்ஸ். வீட்டில் காத்திருக்கும் மனைவிகளாக கீரா நைட்லியும் ராபின் ரைட்டும். பேஸ் கேம்ப் மேலாளராக எமிலி வாட்சன். ஆள் பலத்தில் குறையே இல்லை.

படம் சரியாகச் செய்தது

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விபத்து எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படங்கள் குறைவு. வில்லன் கிடையாது. திடீர் பனிச்சரிவு கிடையாது. சின்னச் சின்னத் தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்காருகின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. 8,000 மீட்டருக்கு மேல் உடம்பு தேறவே தேறாது, தேய்ந்துகொண்டே போகும். ஹாலின் அணியில் ஆளுக்கு மூன்று ஆக்சிஜன் சிலிண்டர். இரண்டு முதுகில், மூன்றாவது இறங்கும்போது எடுத்துக்கொள்ள தென் சிகரத்தில். நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் திறந்தால் ஒன்று ஐந்தாறு மணி நேரம் வரும். நள்ளிரவையொட்டிக் கிளம்புகிறார்கள். ஆக, மறுநாள் சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்குள் எல்லாமே காலி.

இதனால்தான் திரும்பும் நேரம் என்று ஒன்று வைப்பார்கள். உச்சி பத்தடி தூரத்தில் இருந்தாலும், அந்த நேரம் ஆகிவிட்டால் திரும்பிவிட வேண்டும். அன்றைக்கு அது மதியம் இரண்டு மணி. அதற்கு முன்பே திரும்பிவிடுவது உத்தமம்.

இப்போது தாமதங்களைப் பாருங்கள். மேலே சில இடங்களில் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டிய கயிறு கட்டப்படவில்லை. கட்டி முடிக்கும்வரை எல்லோரும் நின்றார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் ஏறியதால் ஹிலாரி ஸ்டெப் என்ற பாறைப் படியில் நெரிசல். க்ராக்கவர் ஒரு மணி சொச்சத்துக்கு உச்சியைத் தொட்டுவிட்டார். ஆனால் ஃபிஷர் அங்கே வந்து சேர்ந்தது மூன்றே முக்காலுக்குப் பக்கத்தில். ஹான்சன் நாலு மணிக்கும் மேல். தென் சிகரத்தில் வைத்திருந்த சிலிண்டர்கள் எல்லாம் காலி என்று ஹாரிஸ் ரேடியோவில் சொல்கிறார். அவை காலி இல்லை. ஆக்சிஜன் குறைந்த மூளை அப்படிப் படித்துக் காட்டியது.

இத்தனையும் படத்தில் இருக்கிறது, வரிசை கெடாமல் புரியும்படி. கீழேயிருந்து கறுத்த மேகம் மலையைத் தின்றுகொண்டே ஏறி வரும் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. காற்றின் சத்தத்தில் வசனம் காதில் விழாமல் போவதையும் துணிந்து அப்படியே விட்டிருக்கிறார்கள். பொழுதுபோக்காகப் பார்த்தால் கொடுத்த காசுக்குக் குறைவே இல்லை.

பழி போடாத அறிக்கை

அப்புறம் எங்கே இடறுகிறது?

நான் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். எங்கள் துறையில் ஒரு சிஸ்டம் நடுராத்திரி விழுந்து, விடியக்காலை தூக்கி நிறுத்தினால், மறுநாள் ஒரு அறிக்கை எழுதுவோம். எத்தனை மணிக்கு என்ன ஆச்சு, எந்த எச்சரிக்கை வந்தது, யார் பார்த்தார்கள், ஏன் பார்க்கவில்லை. அதில் ஒரு விதி: யார் மேலும் பழி போடக்கூடாது. 'அவர் கவனிக்கவில்லை' என்று எழுத மாட்டோம். 'கவனிக்க வழி இருக்கவில்லை' என்று எழுதுவோம். நல்ல விதி. பயமில்லாமல் உண்மையைப் பேச வைக்கும்.

'எவரெஸ்ட்' அப்படிப்பட்ட ஒரு அறிக்கை. நேரம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, காரணங்களின் சங்கிலி இருக்கிறது. பழி யார் மேலும் இல்லை. ஹால் நல்லவர், கொஞ்சம் இளகிய மனசு. ஃபிஷர் நல்லவர், கொஞ்சம் அலட்சியம். பூக்ரீவ் நல்லவர். க்ராக்கவர் பரவாயில்லை. எல்லோரும் நியாயமானவர்கள், எல்லோரும் ஓரளவு தூரத்தில். அறிக்கையைப் படித்துவிட்டு யாரும் அழுவதில்லை. அழ வைப்பது அறிக்கையின் வேலையும் இல்லை. ஆனால் சினிமாவுக்கு அந்த விதி போதாது.

படம் எந்த ஒரு ஆளின் கண்ணிலும் தங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். பத்துப் பதினைந்து பேரை அறிமுகம் செய்கிறது. எல்லோருக்கும் தாடி, கண்ணாடி, முகமூடி, தடித்த ஜாக்கெட். புயல் அடிக்க ஆரம்பித்ததும் ஜாக்கெட்டின் நிறத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. யார் விழுந்தது என்று புரிவதற்குள் காட்சி மாறிவிடுகிறது.

புத்தகத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். படம் க்ராக்கவர் புத்தகத்தின் தழுவல் இல்லை, பலருடைய அனுபவங்களைத் தொகுத்தது. அதனால் தன்னை நியாயமானது என்று நினைத்துக்கொள்கிறது. க்ராக்கவரின் புத்தகம் நியாயமானது இல்லை. அதன் முதல் குற்றவாளி அவரேதான். முகாமுக்கு வந்து கூடாரத்தில் சுருண்டு கிடந்தபோது, சில நூறு மீட்டர் தள்ளி நம்பாவும் மற்றவர்களும் புயலில் வழி தெரியாமல் முடங்கிக் கிடந்தார்கள். அந்தக் குற்றவுணர்வு பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இன்னொன்று: ஹாரிஸ் முகாமுக்குத் திரும்பிவிட்டார், தன் கண்ணால் பார்த்தேன் என்று க்ராக்கவர் அடித்துச் சொன்னார். பல வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் பார்த்தது வேறொரு அணியின் மார்ட்டின் ஆடம்ஸை என்று. ஹாரிஸ் திரும்பவே இல்லை. செத்தவரின் குடும்பத்துக்குத் தன் வாயால் தப்பான கதை போய்விட்டதே என்று ஒரு ஆள் நொந்து எழுதுகிறார். படிக்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது.

படத்திலோ ஹாரிஸ் ஹாலின் பக்கத்தில் குளிரில் புத்தி பேதலித்து, துணியைக் கழற்றி, சரிந்து மறைகிறார். நிஜத்தில் அவர் எப்படிச் செத்தார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் அங்கே வலி. படம் அந்த ஓட்டையை ஒரு காட்சியால் அடைத்துவிடுகிறது.

படத்தில் தன்னைக் காட்டிய விதம் பொய் என்று க்ராக்கவர் வெளிப்படையாகவே சொன்னார். பூக்ரீவ் உதவிக்குக் கூப்பிடும்போது கண் தெரியவில்லை என்று அவர் மறுப்பதாக ஒரு காட்சி. அப்படி நடக்கவே இல்லை என்றார். யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். ஒன்றரை நிமிஷத்தில் ஒரு ஆளின் மேல் ஒரு கறையைப் பூசிவிட்டு, அதைப் பற்றி மேலே யோசிக்காமல் படம் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. பழியும் போடவில்லை, விடுவிக்கவும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி

மொத்தக் கதையும் ஒரே கேள்வியில்தான் நிற்கிறது. இரண்டு மணி என்று விதி வைத்தவரே ஏன் நாலு மணிவரை ஹான்சனுக்காகக் காத்திருந்தார்?

ஹான்சன் தபால் துறை ஊழியர். உழைத்துச் சேர்த்த காசில் வந்தவர். 1995-இலும் வந்தார். தென் சிகரத்துக்குப் பக்கத்தில், உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், நேரம் ஆகிவிட்டது என்று ஹால்தான் திருப்பி அனுப்பினார். மறுவருஷம் வா என்று கூப்பிட்டவரும் ஹால்தான். அந்த வருஷம் ஹாலின் வாடிக்கையாளர் ஒருவர்கூட உச்சியைத் தொடவில்லை. இந்த வருஷம் பக்கத்தில் போட்டிக்கு ஃபிஷர், கூடவே எழுதுவதற்கு ஒரு பத்திரிகைக்காரர்.

புத்தகத்தில் ஒரு சின்ன இடம் வரும். மே 10 ராத்திரி, ஏற ஆரம்பித்துச் சில மணி நேரத்தில், ஹான்சன் வரிசையை விட்டு விலகி நிற்கிறார். குளிர்கிறது, உடம்பு சரியில்லை, இறங்கப் போகிறேன் என்கிறார். பின்னால் வந்த ஹால் அவரோடு ஏதோ பேசுகிறார். ஹான்சன் மறுபடி வரிசையில் சேர்ந்து ஏறுகிறார். என்ன பேசினார்கள்? சொல்வதற்கு இரண்டு பேரும் உயிரோடு இல்லை. அந்தப் பேச்சில்தான் ஹான்சனின் உயிரும் ஹாலின் உயிரும் போயிருக்கலாம்.

படம் கடைசிக் கட்டத்தை மட்டும் வசனமாக எழுதிக்கொள்கிறது. ஹால் இறங்கிக்கொண்டிருக்கிறார். எதிரே ஹான்சன் தள்ளாடி வருகிறார். நேரம் ஆச்சு, திரும்பு என்கிறார் ஹால். ஹான்சன் கெஞ்சுகிறார். ஹால் மனம் இளகி அவரைக் கூட்டிக்கொண்டு மேலே போகிறார். நல்ல நடிப்புதான். ஹாக்ஸின் முகம் மறக்காது. ஆனால் ஹாலின் தப்பு இங்கே ஒரு நல்ல குணமாக மாறிவிடுகிறது. போன வருஷம் திருப்பி அனுப்பியதன் கடன், வியாபாரத்தின் நெருக்கடி, இத்தனை வருஷமாக எதுவும் ஆகாததால் வந்த தைரியம், எல்லாம் ஒரு இரக்கப் பார்வையில் கரைந்துபோகிறது. ஹாலுக்குள் நடந்திருக்கக்கூடிய சண்டைதான் இந்தப் படத்தின் இதயமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் படம் கொடுப்பது ஒரு பெருமூச்சு அளவு நேரம்.

ஹாலின் அணியில் எட்டு வாடிக்கையாளர்கள். அதில் நாலு பேர் உச்சியைத் தொடாமலே தாங்களாகத் திரும்பினார்கள். ஒருவர் முன்னாலேயே. மற்ற மூவர், நெரிசலைப் பார்த்துக் கணக்குப் போட்டு, நேரத்துக்குள் போய் வர முடியாது என்று காலை பதினொன்றரை மணி வாக்கில். கட்டிய பணம், பல வருஷப் பயிற்சி, மூன்று மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய உச்சி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதுகைக் காட்டினார்கள். நாலு பேரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த நாளின் மிகப் பெரிய தைரியம் அதுதான் என்பது என் எண்ணம். படத்தின் கவனம் அவர்கள் மேல் நிற்பதே இல்லை. உயிர் பிழைப்பதைப் பற்றிய படம்தான், ஆனால் பிழைக்க வைத்த முடிவைக் காட்ட அதற்கு ஆர்வம் இல்லை. திரும்பிப் போகிறவனைப் படம் பிடித்தால் ஐமேக்ஸ் திரையில் எடுபடாதோ என்னவோ.

ரேடியோவில் மட்டும் உயிர்

இந்தப் படம் என்னைத் தொட்ட இடங்களும் இருக்கின்றன. இரண்டாம் முறை பார்க்கும்போது அவற்றைக் குறித்து வைத்தேன். அநேகமாக எல்லாமே கூடாரத்துக்குள் நடப்பவை.

பேஸ் கேம்ப் சுமார் 5,350 மீட்டர் உயரத்தில். ஹால் மாட்டிக்கொண்ட தென் சிகரம் சுமார் 8,750. நடுவில் மூன்றரை கிலோமீட்டர் உயரம். ஹெலன் வில்டனாக வரும் எமிலி வாட்சன் கையில் ஒரு வாக்கி-டாக்கி மட்டும். இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல். எழுந்து நட, ராப், நட என்று கெஞ்சுவதைத் தவிர இவர்களால் எதுவும் செய்ய முடியாது. அந்த முகங்களைப் பார்க்கும்போது வயிறு கலங்கியது. நடுராத்திரி போன் காலில் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். அங்கே போவது பணம். இங்கே போய்க்கொண்டிருந்தது உயிர்.

பிறகு அந்த போன். நியூசிலாந்தில் ஹாலின் மனைவி ஜேன் ஆர்னல்ட், ஏழு மாதக் கர்ப்பிணி. சாட்டிலைட் போனை ரேடியோவோடு இணைத்துப் பேச வைக்கிறார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் சொல்கிறார் ஹால். இது கற்பனை இல்லை, நடந்தது. நைட்லியும் கிளார்க்கும் ஒரே இடத்தில் இல்லாமலே படத்தின் ஆகச் சிறந்த காட்சியை நடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜேன் ஆர்னல்ட் ஒரு டாக்டர். 1993-இல் கணவரோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். தென் சிகரத்தில் ஆக்சிஜன் இல்லாமல் ஒரு ராத்திரி என்றால் என்ன அர்த்தம் என்பது உலகத்தில் மிகச் சிலருக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடம்தான் போனைக் கொடுத்தார்கள். இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டு காட்சியைப் பாருங்கள். அவர் பேச்சில் இருக்கும் நம்பிக்கை யாருக்காக என்பது அப்போது புரியும்.

தூரம்தான் இந்தக் கதையின் உண்மையான துயரம். கேட்க முடியும், தொட முடியாது. படம் அந்தத் தூரத்தைக் காட்டும்போதெல்லாம் நெருங்கி வருகிறது. கேமராவை நெருக்கமாக மலைமேல் கொண்டுபோகும்போது விலகிவிடுகிறது. கூடாரத்திலேயே இன்னும் நாற்பது நிமிஷம் இருந்திருக்கலாம்.

யாருக்காக அழச் சொல்கிறது

போன் இருந்தவருக்காக அழுதோம். போன் இல்லாதவர்கள்?

யாசுகோ நம்பா, வயது 47. ஏழு கண்டங்களின் உச்சிகளில் ஆறை ஏறி முடித்தவர். எவரெஸ்ட் ஏழாவது. உச்சியைத் தொட்டார். முகாமுக்குச் சில நூறு மீட்டர் தூரத்தில் உறைந்து செத்தார். மறுநாள் காலை தேடிப் போனவர்கள் பார்த்தபோது வெதர்ஸ், நம்பா இருவருக்குமே மூச்சு இருந்தது. காப்பாற்ற முடியாது என்று முடிவு செய்து இருவரையும் விட்டுவிட்டு வந்தார்கள். வெதர்ஸ் எழுந்தார், நம்பா எழவில்லை. எழுந்தவருக்குப் படம் மனைவி மக்கள் கண்ணில் தெரியும் காட்சியைக் கொடுக்கிறது. எழாதவரின் வீட்டில் யார் இருந்தார்கள் என்றுகூடக் காட்டவில்லை.

வெதர்ஸுக்கும் முழு நியாயம் கிடைக்கவில்லை. ஏன் ஏறுகிறீர்கள் என்று க்ராக்கவர் கேட்கும் காட்சியில், வீட்டில் இருந்தால் ஒரு கறுப்பு மேகம் துரத்துகிறது, மலைக்கு வந்தால் விலகுகிறது என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், பேச்சு மாறிவிடும். 2000-இல் வெதர்ஸ் எழுதிய புத்தகத்தின் பெரும்பகுதி அந்த மேகத்தைப் பற்றித்தான். பல வருஷ மன அழுத்தம், உடைந்துகொண்டிருந்த திருமணம். திரும்பி வந்ததும் பிரிந்துவிடுவது என்று மனைவி முடிவெடுத்திருந்தார். அந்த மனைவிதான் டெக்சாஸிலிருந்து போன் மேல் போன் போட்டு ஹெலிகாப்டருக்கு ஏற்பாடு செய்தவர். இதைவிடப் பெரிய நாடகம் வேறு என்ன வேண்டும்?

ஷெர்பாக்கள். மே 11 அன்று ஹாலைக் கொண்டுவர, ஆங் டோர்ஜியும் லக்பா ச்சிரியும் அந்தக் காற்றில் மறுபடி மேலே ஏறினார்கள். முந்தின நாள் ஏறி இறங்கிய களைப்பு தீராத உடம்போடு. ஹால் இருந்த இடத்துக்குச் சுமார் 200 மீட்டர் கீழே வரை போய், அதற்குமேல் முடியாமல் திரும்பினார்கள். திரும்பும்போது அவர்கள் மனதில் என்ன ஓடியது? படம் வேகமாகக் கடந்துபோகிறது. இந்தப் படம் தயாராகிக்கொண்டிருந்த 2014 ஏப்ரல் 18 அன்றுதான் கும்பு பனியருவியில் சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் செத்தார்கள். அதைப் பற்றி ஜெனிஃபர் பீடம் எடுத்த 'ஷெர்பா' ஆவணப்படமும் 2015-இல்தான் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்றில் பின்னணியில் சுமை தூக்குபவர்கள், இன்னொன்றில் முகத்தோடும் கோபத்தோடும் நிற்கிறார்கள்.

கடைசியாக, நான் சொல்கிறேன் என்ற அந்த மூன்று பேர். ட்செவாங் சமன்லா, டோர்ஜே மோருப், ட்செவாங் பால்ஜோர். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையைச் சேர்ந்தவர்கள். வடக்குப் பக்கமாக ஏறிய முதல் இந்தியர்கள் என்ற பெயருக்காகப் போனவர்கள். கூட வந்த மூவர் காற்றைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள், பிழைத்தார்கள். இவர்கள் மேலே போனார்கள். பால்ஜோர் லடாக்கின் சக்தி கிராமத்துக்காரர், வயது 28. வடக்கு வழியில் ஒரு சின்னக் குகையில் பச்சை நிற பூட்ஸோடு கிடந்த உடல் ஒன்று பல வருஷம் ஏறுபவர்களுக்கு அடையாளக் கல்லாகவே இருந்தது. 'பச்சை பூட்ஸ்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அது பால்ஜோர் என்றுதான் பரவலாக நம்பப்படுகிறது, மோருப் என்பவர்களும் உண்டு. பெயரை உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு உடலைத் தாண்டித் தாண்டி நூற்றுக்கணக்கானவர்கள் உச்சிக்குப் போனார்கள். அதே புயல், அதே சாயங்காலம், சில கிலோமீட்டர் தூரம். அதே நாளைப் பற்றிய இரண்டு மணி நேரப் படத்தில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

வேறு மாதிரி முடியுமா?

ஒரு எதிர்வாதம் இருக்கிறது. செத்தவர்களின் மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கப்போகும் படத்தில், உன் அப்பா செய்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? அடக்கி வாசிப்பதுதானே மரியாதை? நியாயமான வாதம். துயரத்தை ஒப்பாரியாக்கிக் காசு பார்க்கும் படங்களைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் மரியாதைக்கும் நெருக்கத்துக்கும் சண்டை இல்லை. அதற்குச் சாட்சி கொர்மாகுரேதான். 2012-இல் தன் சொந்த நாட்டில் 'தி டீப்' எடுத்தார். 1984-இல் ஐஸ்லாந்து கடலில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. ஐந்து பேரில் ஒருவர் மட்டும் உறைகுளிர் நீரில் மணிக்கணக்காக நீந்திக் கரையேறினார். அந்தப் படத்தில் நாம் ஒரே ஆளோடு தண்ணீரில் கிடக்கிறோம். அவர் கடல் பறவைகளோடு பேசுவதைக் கேட்கிறோம். கரையேறியதும் படம் முடிவதில்லை. நான் மட்டும் ஏன் என்ற கேள்வியோடு அவர் ஊருக்குள் நடப்பதையும் பார்க்கிறோம். செலவு குறைவு, பெரிய நடிகர் யாரும் இல்லை, மனசில் நிற்கிறது. அதாவது இந்த இயக்குநருக்கு வழி தெரியாமல் இல்லை.

கூட்டம் அதிகம் என்பதும் சாக்கு ஆகாது. 1972 ஆண்டிஸ் விமான விபத்தைப் பற்றி ஜே. ஏ. பயோனா எடுத்த 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ' 2023-இல் வந்தது. விமானத்தில் 45 பேர், பிழைத்தவர்கள் 16. கதையைச் சொல்லும் குரல் பிழைக்காத ஒருவருடையது. ஒவ்வொருவர் சாகும்போதும் பெயரும் வயதும் திரையில் வருகிறது. எளிய உத்திதான், ஆனால் யாரையும் எண்ணிக்கையாக விடவில்லை.

'எவரெஸ்ட்' பார்க்கலாமா என்று கேட்டால், தாராளமாகப் பாருங்கள், பெரிய திரை கிடைத்தால் இன்னும் நல்லது. விபத்துகள் எப்படி உருவாகின்றன என்று குழந்தைகளுக்கு விளக்கவும் நல்ல படம். பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். படத்தில் மணி பதினொன்றரை ஆகும்போது நிறுத்திவிட்டு, மேலே போகும் வரிசையிலிருந்து விலகி, உச்சியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் இறங்க ஆரம்பிக்கும் மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். மலையின் அந்தப் பக்கம் அதேபோலத் திரும்பிய மூன்று பேரையும், திரும்பாத மூன்று பேரையும். அப்புறம் படத்தைத் தொடருங்கள். எனக்கு இந்த முறை அப்படித்தான் அது கனத்தது.